ஆந்தையை எழுதக் கூடாது

அத்தியாயம் 4

மூன்று மணிக்குத் தன் காட்டுக் கேட்டில் சங்கிலி போட்டுவிடுவேன் என்று மாட்சன் சொல்லியிருந்தான். இப்போது மணி பதினொன்று இருபது. ஐனா தெர்வோ இன்னும் ஒரு பூட்ஸைத்தான் மாட்டியிருந்தாள்.

"இன்னொண்ணு எங்க பாஸ்? அதையும் யாராவது தூக்கிட்டுப் போயிட்டானா?" என்றான் ரூடி.

"கீழதான் கிடக்கு. முட்டி மடங்க மாட்டேங்குது. பேசாம இழுத்து மாட்டிவிடு."

ரூடி ஸ்டிமாக் தரையில் உட்கார்ந்து இழுத்தான். வயது நாற்பத்தாறு. நாலு வருஷம் முன்புவரை உள்ளூர் ரேடியோவில் காலை வானிலை சொன்னவன். மரண அறிவிப்பு வாசிக்கும்போது ஒரு தடவை சிரித்துத் தொலைத்தான், வேலை போனது. அன்றிலிருந்து ஐனாவுக்கு டிரைவர், உதவியாளன், தலைவலி எல்லாம் அவன்தான். ஐனாவுக்கு அறுபத்திரண்டு. எரிந்துபோன கொட்டகைகளையும் ஏரியில் மூழ்கின ஸ்னோமொபைல்களையும் முப்பது வருஷம் இன்சூரன்ஸுக்காகப் பார்த்தவள். எது தானாக எரிந்தது, எது எரிக்கப்பட்டது என்று சாம்பலை முகர்ந்தே சொல்லுவாள். ஓய்வு வாங்கியும் ஓய்வு கிடைக்கவில்லை. ஊரில் எது காணாமல் போனாலும் அவள் கதவைத்தான் தட்டுகிறார்கள்.

இன்று தட்டியவள் லெம்பி ஆஹோ. எழுபத்து மூன்று வயது. கையில் அலுமினியத் தாள் மூடிய பாத்திரம், உள்ளே காட்டரிசியும் கோழியும் போட்டு வேகவைத்தது. அதை மேஜையில் வைத்தவள் அப்படியே நின்றாள்.

"கோட்டைக் கழட்டிட்டு உட்காருங்க அக்கா" என்றாள் ஐனா.

"வேணாம்மா. உட்கார்ந்தா அழுதுடுவேன். நின்னா கொஞ்சம் தாங்கும்."

"அப்ப நின்னுக்கிட்டே இன்னொரு தடவை சொல்லுங்க. மெதுவா."

லெம்பி சொன்னாள். வடக்கே இந்தச் சதுப்புக்காட்டுப் பக்கம் குளிர்காலத்தில் பறவை பார்க்கிறவர்கள் நூற்று அறுபது பேர் ஒரு குழுவாக இருக்கிறார்கள். காலையில் அவரவர் பார்த்ததை எண்ணி, பட்டியல் போட்டு, போனில் குழுவுக்கு அனுப்புவார்கள். எல்லாவற்றையும் எழுதலாம். ஆந்தையை மட்டும் எழுதக் கூடாது. வேண்டியவர்களுக்கு வாயால் சொல்லிக்கொள்ளலாம். எழுதினால் அது சாயங்காலத்துக்குள் தெற்கே மினியாபொலிஸ்வரை போய்விடும், மறுநாள் விடியும்போது கேமராவும் கையுமாகக் கார்கள் வந்து நிற்கும். அதனால்தான் அந்தச் சட்டம். அதைப் போட்டவர் குழுவின் தலைவர் ஹார்லன் ரோவிக்.

"வியாழக்கிழமை காலைல மாட்சன் ரோட்டுல பெரிய சாம்பல் ஆந்தை வந்து உட்கார்ந்துச்சு. பதினோரு வருஷம் கழிச்சு. பார்த்தது ஹார்லன். அவரு ரெண்டே பேர்கிட்டதான் சொன்னாரு. காடு மாட்சனோடதுன்னு மாட்சன்கிட்ட. அங்க தீனி போடறது நான்னு என்கிட்ட."

"நீங்க யார்கிட்ட சொன்னீங்க?"

"என் பூனைகிட்டகூடச் சொல்லல."

"பூனைகிட்ட ஆந்தையைப் பத்திச் சொன்னா அதுக்குப் பொறாமை வந்துடும்" என்றான் ரூடி.

லெம்பியின் வாய்க்கோடியில் ஒரு சின்ன அசைவு. சிரிப்பு என்று சொல்ல முடியாது.

வெள்ளிக்கிழமை மத்தியானம், உலகத்தில் யார் வேண்டுமானாலும் பறவைப் பட்டியல் போடலாம் என்கிற ஒரு பொதுத்தளத்தில் அந்த ஆந்தை இடத்தோடு வந்துவிட்டது. சனிக்கிழமை மாட்சன் ரோட்டில் நாற்பத்தோரு கார்கள். மாட்சனின் வைக்கோல் லாரி ஒன்றரை மணி நேரம் நகர முடியவில்லை, அந்தக் கோபத்தில்தான் இன்று கேட்டுக்குச் சங்கிலி. படம் நன்றாக வரவேண்டும் என்று எவனோ கடையில் வாங்கிய வெள்ளை எலியைப் பனிமேல் விட்டான். ஆந்தை தாழப் பறந்து ரோட்டைக் கடந்தபோது ஒரு கார் வந்தது. இறக்கை ஒடிந்து இப்போது டுலூத்தில் பறவை ஆஸ்பத்திரியில் கிடக்கிறது.

"மூணு பேருக்குத்தான் தெரியும்" என்றாள் லெம்பி. "ஹார்லன் அவரு போட்ட சட்டத்தை அவரே உடைப்பாரா? மாட்சன்கிட்ட கம்ப்யூட்டரே கிடையாது. மிச்சம் நான். மூணு மணிக்கு என் பேரை எடுத்துட்டதாக் குழுவுக்குச் செய்தி போகும். ஹார்லன் அடிச்சு வச்சுட்டாராம். தீனி மேடை விதைப் பெட்டிச் சாவியையும் குடுத்துடணும். பத்தொன்பது குளிர்காலம் நான் போட்ட தீனி."

"அக்கா, அந்தக் குழு போனா என்ன? வேற குழு இல்லையா?" என்று கேட்டான் ரூடி.

லெம்பி அவனைப் பார்த்தாள். "தம்பி, நான் தனியா இருக்கேன். என் பட்டியல் ஒன்பது மணிக்குள்ள வரலேன்னா யாராவது வந்து கதவைத் தட்டுவாங்க. அது எழுதாத ஏற்பாடு. போன மார்ச்சுல வாசப்படி ஐஸ்ல விழுந்து இடுப்பு பிசகிக் கிடந்தேன். ஒன்பது பத்துக்கு ஒருத்தர் வந்து நின்னாரு. இல்லேன்னா அங்கேயே விறைச்சிருப்பேன்."

"வந்தது யாரு?"

"ஹார்லன்."

 

ஐனா மேஜையில் இருந்த காகிதக் கட்டை இழுத்தாள். ஆந்தையை வெளியிட்டவனின் பெயர் அதில் 'டி. ஸ்மித்'. மூன்று குளிர்காலங்களில் இருநூற்றுப் பதினான்கு பட்டியல்கள் போட்டிருக்கிறான், எல்லாமே மாட்சன் ரோட்டில். தளத்துக்காரர்களிடம் ஆள் யார் என்று ரூடி கேட்டதற்கு, ஆறு வாரத்தில் பதில் வரும் என்று மெஷின் பதில் சொல்லியிருந்தது.

"இதை ஒரு தடவை படிங்க அக்கா. எனக்குப் பறவை தெரியாது. உங்களுக்கு ஆளைத் தெரியுதான்னு பாருங்க."

லெம்பி கண்ணாடியை மாட்டிக்கொண்டு வியாழக்கிழமைப் பட்டியலைச் சமையல் குறிப்பு படிக்கிற மாதிரி உதடசைத்துப் படித்தாள்.

"சிக்கடீ பத்தொன்பது. சாம்பல் ஜே நாலு. அண்டங்காக்கை மூணு. மரங்கொத்தி ரெண்டு. ஆந்தை ஒண்ணு." கண்ணாடியை இறக்கினாள். "இவரு பொய் சொல்ற ஆள் இல்ல."

"எப்படிச் சொல்றீங்க?"

"வண்டியிலேயே உட்கார்ந்து கதை விடறவங்க இருபது, பத்து, அஞ்சுன்னு போடுவாங்க. இவரு பத்தொன்பதுன்னு போட்டிருக்காரு. விரல் விறைக்க நின்னு எண்ணியிருக்காரு. ஆனா பாவம்..."

"என்ன பாவம்?"

"பொன்முடி இல்ல. மரமேறியும் இல்ல." லெம்பி அடுத்த தாளைப் புரட்டினாள், அதற்கடுத்ததையும். "எதுலயுமே இல்லியே! மாட்சன் ரோட்டுல பொன்முடி இல்லாத காலையே கிடையாது. கட்டைவிரல் அளவுக் குருவி, ஸ்ப்ரூஸ் மரத்து உச்சியிலதான் திரியும், கண்ணுல படாது. காதாலதான் எண்ணணும். ஊசி முனை மாதிரிச் சத்தம். மரமேறிக்கும் அதே மாதிரிதான். வயசானா நம்மகிட்டேருந்து முதல்ல போறது இந்த ரெண்டு சத்தமும்தான்."

ஐனா நிமிர்ந்தாள். "அப்ப ஸ்மித் காது மந்தமான, வயசான ஆளு."

"அப்படித்தான் தெரியுது."

சொல்லி முடித்ததும் லெம்பியே நிறுத்தினாள். ரூடி அவளுடைய இடது காதைப் பார்த்துக்கொண்டிருந்தான். நரைமுடிக்குப் பின்னால் அவரை விதை அளவில் ஒரு காதுக்கருவி.

"ரெண்டு வருஷமா வச்சிருக்கேன்" என்றாள் லெம்பி மெதுவாக. "இதுக்கு என்ன அர்த்தம் வரும்னு எனக்கும் புரியுது ஐனா."

தோளில் மாட்டியிருந்த துணிப்பையிலிருந்து ஒரு தடித்த ஃபைலை எடுத்து வைத்தாள். "நான் ஒருநாளும் ஆந்தையை எழுதினதில்லேன்னு காட்டறதுக்குக் கொண்டுவந்தேன். என் பட்டியல் எல்லாம் இருக்கு. ஹார்லனோடதும் இருக்கு. ஸ்கூல்ல பேண்டு மாஸ்டரா இருந்தவரு, இந்த மாவட்டத்துலேயே அந்த மாதிரிக் காது கிடையாது. அதனால அச்செடுத்து வச்சுக்குவேன். இனிமே எனக்கு இது எதுக்கு? நான் போய்த் தீனியை நிரப்பறேன். கடைசி நாளுன்னு பறவைங்க பட்டினி கிடக்கக் கூடாதுல்ல."

கதவு மூடிய பிறகும் குளிர் கொஞ்சம் அறையிலேயே நின்றது.

"பாஸ்" என்றான் ரூடி. "நம்ம கட்சிக்காரங்களைக் காப்பாத்த நாமளே ஒரு தடயம் கண்டுபிடிச்சோம். அது நேராப் போய் அவங்க காதுலயே உட்கார்ந்துடுச்சு."

"பார்த்தேன். வண்டியை எடு."

*

வண்டிக்குள் ஹீட்டர் ஒரு பக்கம் மட்டும்தான் வேலை செய்தது, அந்தப் பக்கம் ரூடியுடையது. வெளியே பூஜ்யத்துக்குக் கீழே பதினெட்டு. ரூடி ஒரு கையால் ஸ்டியரிங்கையும் மறுகையால் இறைச்சி அடைத்துச் சுட்ட பேஸ்டியையும் பிடித்துக்கொண்டு ஓட்டினான். ஐனாவுக்கும் ஒன்று வாங்கியிருந்தான். அவள் அதைத் தின்னாமல் முட்டிமேல் வைத்துக்கொண்டாள், சூட்டுக்கு.

"ஹார்லன் மாஸ்டர்கிட்ட நான் டிராம்போன் வாசிச்சேன் தெரியுமா?" என்றான். "ஏழாங்கிளாஸ். ஒரே வருஷம். 'உனக்கு வாய்தான் இருக்கு ரூடி, காது கிடையாது'ன்னு சொல்லி மேளத்துக்கு அனுப்பிட்டாரு. அங்கேருந்து கொடி பிடிக்க அனுப்பிட்டாங்க."

"கொடியாவது நேராப் பிடிச்சியா?"

"காத்து அதிகம் பாஸ்."

மாட்சன் முற்றத்தில் டிராக்டர் பக்கத்தில் நின்று சங்கிலியின் கண்ணிகளுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தான். ஐம்பத்தைந்து வயது, ஆள் ஒரு வைக்கோல் கட்டு மாதிரி சதுரம். இவர்களைப் பார்த்து நிமிரவில்லை.

"மூணு மணி" என்றான்.

"தெரியும். ரெண்டு கேள்வி கேட்டுட்டுப் போயிடறேன்" என்றாள் ஐனா. "உன் ரோட்டுக்குக் காலைல யாரெல்லாம் வர்றாங்க?"

"சனிக்கிழமை வந்த கூட்டத்தை விட்டுடு. தினமும் வர்றது ஹார்லனும் லெம்பியும். அவரு எட்டு மணிக்கு வருவாரு. வாயைத் திறந்துக்கிட்டு, காதுக்குப் பின்னாடி கையை வச்சுக்கிட்டு மரத்தைப் பார்த்து நிப்பாரு. நான் டிராக்டர்ல போனாக்கூடத் திரும்ப மாட்டாரு. லெம்பி ஒன்பதுக்குள்ள வந்து கூட நடப்பா. அப்புறம் தீனி போடுவா."

"ஸ்மித்னு ஒருத்தன்?"

"எந்த ஸ்மித்தும் இல்ல."

"எப்படி அவ்வளவு உறுதியாச் சொல்ற?"

மாட்சன் இப்போதுதான் நிமிர்ந்தான். "அந்த ரோட்டுல பனி தள்றது நான். தள்றதுக்கு முன்னாடி கீழ கிடக்கிற தடத்தைப் பார்ப்பேன். ஓநாய் வந்துச்சா, மான் வந்துச்சான்னு தெரியணும்ல? ஜனவரி முதல் ரெண்டு வாரம் தினமும் புதுப் பனி. லெம்பி காய்ச்சல்ல படுத்துட்டா, வரவே இல்ல. காலைல ஒரே ஒரு ஜோடி பூட்ஸ் தடம்தான். ஹார்லனோடது. வலது குதிகால் தேஞ்சிருக்கும்."

ரூடி காகிதக் கட்டைப் புரட்டினான். "ஆனா ஜனவரி முதல் ரெண்டு வாரமும் ஸ்மித் தினமும் பட்டியல் போட்டிருக்கானே பாஸ். காலை எட்டு பத்து, எட்டு பதினஞ்சு..." தலையைத் தூக்கினான். "அப்ப அவன் நடந்து வரல, பறந்து வந்திருக்கான். அவனையும் பட்டியல்ல சேர்த்துடலாமா?"

ஐனா சிரிக்கவில்லை. ரூடியின் கையைப் பிடித்து வண்டிக்குள் இழுத்துக்கொண்டு போனாள்.

"ஃபைலைத் திற. ஹார்லனோடது, ஜனவரி ஏழு. ஸ்மித்தோடதுலயும் ஜனவரி ஏழு எடு."

"எடுத்துட்டேன்."

"கண்ணாடியில வச்சுப் பிடி. ஒண்ணு மேல ஒண்ணு."

வெளியே வெயில் பனியில் பட்டுக் கூசியது. ரூடி இரண்டு தாள்களையும் வண்டிக் கண்ணாடியில் ஒட்டிப் பிடித்தான். பின்தாளின் எழுத்து முன்தாளில் தெரிந்தது. தாளைக் கொஞ்சம் மேலே ஏற்றி வரிக்கு வரி பொருத்தினான்.

"சிக்கடீ பதினேழு, பதினேழு. அண்டங்காக்கை மூணு, மூணு. ஜே அஞ்சு, அஞ்சு..." அவன் குரல் இறங்கிக்கொண்டே வந்தது. "ஸ்மித்கிட்ட ரெண்டு வரி குறையுது பாஸ். பொன்முடியும் மரமேறியும். ஹார்லன்கிட்ட பொன்முடி ரெண்டு. மரமேறி ஒண்ணு."

"எட்டாம் தேதி?"

"சிக்கடீ இருபத்து மூணு, இருபத்து மூணு. பொன்முடி ரெண்டு."

"ஒன்பது?"

"சிக்கடீ பதினொண்ணு, பதினொண்ணு. பொன்முடி ரெண்டு. பத்தாம் தேதியும் ரெண்டு. பதினொண்ணுலயும் ரெண்டு." ரூடி தாளை இறக்கினான். "சிக்கடீ தினமும் ஏறுது, இறங்குது. பொன்முடி மட்டும் ரெண்டுலேயே ஆணி அடிச்ச மாதிரி நிக்குது."

"லெம்பிக்குக் காய்ச்சல் விட்ட அப்புறம்?"

அவன் புரட்டினான். "பதினாறாம் தேதி லெம்பி மூணு, ஹார்லன் மூணு. பதினேழு, லெம்பி ஒண்ணு, ஹார்லன் ஒண்ணு. பாஸ்... இவரு லெம்பிகிட்டேருந்து பார்த்து எழுதறாரு. லெம்பி இல்லாத நாள்ல தன்னோட மனசுலேருந்து எழுதறாரு."

"வியாழக்கிழமை தாளை எடு."

அதையும் பிடித்துப் பார்த்தார்கள். ஹார்லன் ரோவிக் குழுவுக்கு அனுப்பியதில் ஆந்தை இல்லை, பொன்முடி இரண்டு இருந்தது. டி. ஸ்மித் பொதுத்தளத்தில் போட்டதில் பொன்முடி இல்லை, ஆந்தை இருந்தது. மிச்சமெல்லாம் ஒன்றே. சிக்கடீ பத்தொன்பது, பத்தொன்பது.

மூன்று வருஷமாக இரண்டு பட்டியல்களும் திறந்த வெளியில்தான் கிடந்தன. யாரும் பொருத்திப் பார்க்கவில்லை. சிக்கடீயின் எண்ணிக்கையை யார் படிக்கிறார்கள்? எல்லாருடைய கண்ணும் நேராக அபூர்வப் பறவைக்கல்லவா ஓடும்.

ரூடி மீதிப் பேஸ்டியைக் காகிதத்தில் சுற்றி வைத்தான். "பொய்ப் பேருல உண்மை எழுதியிருக்காரு" என்றான் கடைசியில். "சொந்தப் பேருல பொய் எழுதியிருக்காரு. நான் ரேடியோவுல இருந்தப்பகூட இவ்வளவு குழப்பிக்கல."

"மணி என்ன?"

"ரெண்டு பத்து."

*

தீனி மேடை மாட்சன் ரோட்டின் கடைசியில், கேட்டை ஒட்டினாற்போல், ஸ்ப்ரூஸ் மரங்களுக்கு நடுவில் இருக்கிறது. கம்பத்தில் நாலு தீனிப் பெட்டிகள், ஒரு கிளையில் கொழுப்புக் கட்டிகள், இன்னொன்றில் போன நவம்பர் வேட்டையில் மிஞ்சிய மானின் விலா எலும்புக்கூடு. அதற்குள் புகுந்து ஏழெட்டுச் சிக்கடீகள் கொத்திக்கொண்டிருந்தன. லெம்பி ஏணிமேல் நின்று சூரியகாந்தி விதையைக் கொட்டினாள். பத்தடி தள்ளி ஹார்லன் ரோவிக் நின்றார். எழுபத்தாறு வயதிலும் பேண்டு மாஸ்டரின் நேர்முதுகு. ஒரு கையில் சின்ன நோட்டு, மறுகையில் போன். இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் இருப்பதில் கவனமாக இருந்தார்கள்.

"வணக்கம் மாஸ்டர்" என்றான் ரூடி.

"டிராம்போன்" என்றார் ஹார்லன், தலையசைத்து.

"இன்னிக்கு என்னென்ன வந்துச்சு மாஸ்டர்?" என்று ஐனா கேட்டாள்.

அவர் நோட்டைக் காட்டினார். சுத்தமான எழுத்து. பொன்முடி 2.

அந்த நேரம் ரூடி தலையைத் தூக்கி மேலே பார்த்தான். "யாருடா அது, மேல உட்கார்ந்து ஊசி தீட்டறது?"

"பொன்முடி" என்று ஏணியிலிருந்து லெம்பி சொன்னாள். "மூணு. ரெண்டு இந்த மரத்துல, ஒண்ணு அந்தண்டை."

ஹார்லனின் பென்சில் நோட்டை நோக்கிப் போனது. இரண்டை மூன்றாகத் திருத்தப் போனவர் ஐனா பார்ப்பதைப் பார்த்தார். பென்சில் அங்கேயே நின்றது.

"வண்டியில கொஞ்சம் உட்காரலாமா மாஸ்டர்?" என்றாள் ஐனா. "எனக்கு முட்டி வலிக்குது."

வண்டிக்குள் அவரை ஹீட்டர் வேலை செய்கிற பக்கம் உட்காரவைத்தாள். ரூடி பின்சீட்டில் ஏறிக்கொண்டான். ஐனா இரண்டு தாள்களையும் கண்ணாடியில் பொருத்திப் பிடித்தாள். அவர் படித்தார். படிக்க அதிக நேரம் ஆகவில்லை.

"மூணு வருஷம் ஆச்சு" என்றார். "முதல்ல மரமேறி போச்சு. நவம்பர்ல ஒருநாள், காடு என்ன இவ்வளவு அமைதியா இருக்குன்னு நினைச்சேன். பக்கத்துல நின்ன லெம்பி, 'இன்னிக்கு மரமேறி நிறைய'ன்னா. அப்பதான் தெரிஞ்சுது. அந்தக் குளிர்காலத்துலேயே பொன்முடியும் போச்சு."

"யார்கிட்டயும் சொல்லல."

"நூத்தி அறுபது பேரு என் காதை நம்பறாங்கம்மா. ஒரு சத்தத்துல சந்தேகம்னா எனக்குத்தான் போன் பண்ணுவாங்க. அதைத் தவிர என்கிட்ட என்ன இருக்கு?"

"லெம்பியோட கருவி மாதிரி ஒண்ணு வாங்கி வச்சிருக்கலாமே?"

"பேண்டு மாஸ்டர் காதுல மெஷினா?" அவர் சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. "தெரியும், முட்டாள்தனம்தான்."

"ஸ்மித் எதுக்கு மாஸ்டர்?" என்று பின்சீட்டிலிருந்து ரூடி கேட்டான். அவன் குரலில் கேலி இல்லை.

ஹார்லன் வெளியே பார்த்தபடி சொன்னார். "நாற்பது வருஷமா எண்ணிட்டு வர்றேன். கேட்காததைக் கேட்டதா எழுதினா ராத்திரி தூக்கம் வரல. உலகத்துல ஒரே ஒரு இடத்துலயாவது சரியா எழுதிவைக்கணும்னு தோணுச்சு. யாரும் தேடாத பேரு, யாரும் படிக்காத பட்டியல். அங்க நான் பார்த்ததை, கேட்டதை மட்டும்தான் எழுதுவேன்."

"ஆந்தையையும்."

"பதினோரு வருஷம் கழிச்சு வந்து எதிர்ல உட்காருது. பத்தடி தூரம். காதே வேண்டியதில்ல, கண்ணு போதும். எவ்வளவு நாள் கழிச்சு யார் துணையும் இல்லாம நானே பார்த்த பறவை! அதை விட்டுட்டு எழுதினா அந்தப் பட்டியலும் பொய்யாயிடும்னு நினைச்சேன். அபூர்வப் பறவைன்னா அந்தத் தளத்து மெஷின் தானே மணி அடிச்சு ஊருக்கெல்லாம் சொல்லும்னு மறந்துட்டேன்."

சிக்கடீ ஒன்று வண்டியின் முன்கண்ணாடி விளிம்பில் வந்து உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போனது.

"லெம்பி பேரை நான் இழுக்கல" என்றார் ஹார்லன். "மத்தவங்கதான் சொன்னாங்க. நான் மறுக்கல, அவ்வளவுதான்."

"மூணு மணிக்குப் போகப்போற செய்தியை யாரு அடிச்சு வச்சிருக்கா?"

ஹார்லன் போனைத் தொடைமேல் கவிழ்த்து வைத்தார்.

ஐனாவுக்குக் கோபப்படக்கூடத் தெம்பு இல்லை. பொய் சொன்னவர்கள் எத்தனை பேரை அவள் இப்படி வண்டிக்குள் உட்காரவைத்திருக்கிறாள்! எல்லாரும் ஏதோ ஒரு இடத்தில் நல்லவர்கள். அதுதான் அவளை மிகவும் களைக்க வைக்கிற விஷயம்.

"போன மார்ச்சுல ஒன்பது பத்துக்கு லெம்பி வீட்டுக் கதவைத் தட்டினது நீங்க" என்றாள்.

"ஆமா."

"அவங்களைக் குழுவுலேருந்து எடுத்துட்டா, இனிமே ஒன்பது பத்துக்கு யாரு தட்டுவா மாஸ்டர்?"

அவர் கையுறையைக் கழற்றினார். மறுபடி மாட்டினார். பிறகு கதவைத் திறந்து இறங்கிவிட்டார்.

வண்டிக் கண்ணாடி வழியே பார்த்தால் எல்லாம் ஊமைப்படம் மாதிரி இருந்தது. ஹார்லன் ஏணியடியில் போய் நின்றார். தொப்பியைக் கழற்றினார், இந்தக் குளிரில். ஏதோ சொன்னார். லெம்பி ஏணிமேல் அசையாமல் கேட்டாள். மாட்சன் தோளில் சங்கிலியோடு வந்து அவனும் நின்று கேட்டான். அப்புறம் லெம்பி கையிலிருந்த விதைச் சொம்பை ஹார்லனை நோக்கி வீசினாள். அது அவர் தோளில் பட்டு, விதை பனியில் சிதறியது.

"குறி பரவாயில்ல" என்றான் ரூடி.

ஹார்லன் குனிந்து சொம்பை எடுத்தார். வெகுநேரம் போனில் ஏதோ அடித்தார். குளிரில் விறைத்த விரல், ஒவ்வொரு எழுத்தாகத்தான் போயிருக்கும். மணி இரண்டு ஐம்பத்தெட்டுக்கு ரூடியின் போன் அதிர்ந்தது. விசாரணைக்காக அவன் அந்தக் குழுவில் சேர்ந்திருந்தான். படித்துக் காட்டினான்.

"மாட்சன் ரோடு. வியாழக்கிழமைப் பட்டியலுக்குத் திருத்தம். பெரிய சாம்பல் ஆந்தை ஒன்று. எழுதக் கூடாததை எழுதியது நான். டி. ஸ்மித் நான்தான். லெம்பி ஆஹோ யாரிடமும் சொல்லவில்லை. பொன்முடி இரண்டு என்று போட்டிருந்தேன், அதை அடித்துவிடவும். நான் கேட்கவில்லை. மூன்று குளிர்காலமாக நான் எழுதிய எல்லாப் பொன்முடிகளையும் மரமேறிகளையும் அடித்துவிடவும். தலைவர் பொறுப்பிலிருந்து விலகுகிறேன்." ரூடி திரையைக் கீழே தள்ளினான். "இன்னும் இருக்கு பாஸ். இன்றைய பட்டியல். சிக்கடீ பதினான்கு. சாம்பல் ஜே இரண்டு. பொன்முடி மூன்று. அடைப்புக்குறிக்குள்ள, கேட்டது லெம்பி ஆஹோ."

மரண அறிவிப்பில் சிரித்தவன் இதை ஒரு இடத்தில்கூடத் தடுமாறாமல் படித்தான்.

மூன்று மணிக்குச் சங்கிலி விழுந்தது. மாட்சன் சொன்ன வார்த்தையை மாற்றுகிற ஆள் இல்லை. பூட்டைப் பூட்டி இழுத்துப் பார்த்துவிட்டுச் சாவியைக் கொண்டுபோய் லெம்பியிடம் கொடுத்தான். "உனக்கு மட்டும். யாரை உள்ள விடணும்னு நீயே பார்த்துக்க" என்று சொன்னது, ஐனா ஜன்னலை இறக்கியிருந்ததால் கேட்டது.

லெம்பி சாவியைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டாள். இன்னும் இரண்டு பெட்டிகள் நிரப்ப வேண்டியிருந்தன. ஏணியை அடுத்த கம்பத்துக்கு நகர்த்திக்கொண்டு, ஹார்லனின் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"சும்மா நிக்காதே. ஏணியைப் பிடி."

அவர் ஓடிப்போய் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

ரூடி டிரைவர் சீட்டுக்கு வந்த பிறகும் ஐனா ஜன்னலை ஏற்றவில்லை. பேஸ்டி முட்டிமேல் ஆறிப்போய்க் கல்லாக இருந்தது.

"டேய் ரூடி. நிஜமாவே அந்தக் குருவிச் சத்தம் உனக்குக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு பாஸ். காது இல்லேன்னு சொன்னாரே மாஸ்டர், எனக்கு மூணும் தனித்தனியாக் கேட்டுச்சு." அவன் திரும்பிப் பார்த்தான். "ஏன், உங்களுக்கு எத்தனை கேட்டுச்சு?"

மரத்து உச்சியில் அவை இன்னும் கத்திக்கொண்டிருந்திருக்க வேண்டும். ரூடி தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தான். ஐனா கொஞ்ச நேரம் மேலே பார்த்தாள்.

"வண்டியை எடு" என்றாள்.